ஆற்று மீனா, வளர்ப்பு மீனா

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இரண்டு பெட்டிகளையும் திறந்து வைத்துக்கொண்டு முஹைதீன் நானா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

ஒன்றில் ஆற்று மீன். மற்றதில், திகனப் பக்கம் ஒருவர் தோட்டத்துக்குள் குளம் வெட்டி வளர்க்கிற மீன்.

ருசி தெரிந்தவன் வளர்ப்பு மீனைத் தொடமாட்டான் என்பது நானாவின் கட்சி. தவிட்டைத் தின்றுவிட்டுச் சும்மா கிடக்கிற சோம்பேறிகளாம் அவை. ஆற்று மீன் என்றால் ஓட்டத்தை எதிர்த்து நீந்தி உடம்பை முறுக்கி வைத்திருக்குமாம். அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வதைக் கேட்கவென்றே சிலர் நின்றார்கள்.

கேட்டுவிட்டு, வளர்ப்பு மீனை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அது எண்பத்தொன்பதாம் வருடம். பாலத்துக்குக் கீழே மகாவலி ஆற்றில், கொன்று எறியப்பட்டவர்களின் பிணங்கள் மிதந்து வந்துகொண்டிருந்தன. ஆற்று மீனை யார் தின்பார்கள்? நானாவின் மனைவி கைரியாவே அதற்கு அடுப்பில் சட்டி வைக்க மறுத்துவிட்டாள்.

அப்போதுதான் பாலாம்பிகை வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வேலை பார்த்த யோகேந்திரனின் மனைவி. யோகேந்திரனை இந்தப் பாலத்தடியில் வைத்துத்தான் யாரோ வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று கேட்டு அவர் ஏறாத படியில்லை.

நானா ஆற்று மீன் பெட்டியை அவசரமாகச் சாக்கால் மூடினார். வளர்ப்பு மீனில் நல்லதொன்றைத் தூக்கிக் காட்டினார்.

“இதக் கொண்டு போங்க தங்கச்சி. நேத்துப் பிடிச்சது.”

பாலாம்பிகை சாக்கை விலக்கினார். “எனக்கு ஆத்து மீன்தான் வேணும், நானா.”

நானாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று இந்தப் பிள்ளை நம்புகிறது, அதுதான் ஊரே முகம் சுளிக்கிற மீனைத் துணிந்து கேட்கிறது. அப்படித்தான் அவர் நினைத்தார். இருப்பதில் பெரிய மீன்களாகப் பொறுக்கி எடுத்தார்.

செதில் சீவப் போனவரைப் பாலாம்பிகை தடுத்தார். வயிற்றை மட்டும் கீறினால் போதும் என்றார்.

கீறினார். உள்ளே பச்சைப் பாசி.

பாலாம்பிகை குனிந்து பார்த்தார். கத்தி முனையால் குடலை விரித்துக் காட்டச் சொன்னார். பிறகு அடுத்த மீன். அதற்குப் பிறகு அடுத்தது. எல்லாவற்றிலும் பாசிதான். ஆற்று மீன் சுத்தமான சாமான் என்று பெருமையடித்துக்கொண்டே நானா கீறினார்.

கடைசி மீனையும் பார்த்த பிறகுதான் பாலாம்பிகைக்கு மூச்சு வந்தது. காசைப் பலகையில் வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினார்.

“தங்கச்சி, மீன விட்டுட்டுப் போறீங்க.”

அவர் திரும்பினார். முகம் வந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் தெளிந்திருந்தது.

“நாங்கள் சைவம், நானா. மச்சம் சாப்பிடுறேல்லை. நாளைக்கும் வாறன்.”