எழுபத்தைந்து நொடி நிலவு

"ஏனுங்க அம்மணி, உங்க ஊர்ல நெலா எழுபத்தஞ்சு செகண்டுல பூமியச் சுத்திப்போடுதுங்களா?"

துறைத்தலைவர் கிருபாசங்கரின் குரலில் மரியாதைக்குக் குறைவே இல்லை. சினம் ஏற ஏற அவர் பேச்சில் பணிவும் ஏறும் என்பதை இயற்பியல் துறை முழுவதும் அறியும்.

கயல்விழி நின்றுகொண்டிருந்தாள். எதிரே நாற்காலி காலியாகத்தான் கிடந்தது.

அவளுடைய விடைத்தாள் மேசைமேல் இருந்தது. நிலவின் சுற்றுக்காலம் காண்க என்பது வினா. அதை அமைத்தவரும் அவரே, திருத்தியவரும் அவரே. விடைக்கு எதிரே சிவப்பு மையில் பெரியதொரு சுழியம். தாளின் ஓரத்தை அவரது கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருந்தது.

ஐந்து மதிப்பெண் கிடைத்தால் அவள் தேறிவிடுவாள். திங்கட்கிழமைக்குள் தேறியதாகக் காட்டாவிட்டால், கைக்கு வந்த முதுகலை இடம் வேறொருவருக்குப் போய்விடும். கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டும் அவள் தந்தை, மறுமதிப்பீட்டு விண்ணப்பத்தில் கையொப்பமிட்டு அனுப்பியிருந்தார்.

"கிலோமீட்டர மீட்டரா மாத்தாமப் போட்டா இப்படித்தானுங்க வரும். மத்த நாப்பது பேரும் இருபத்தேழு நாள்னு எழுதல? நெலா தேயறதும் வளர்றதும் தறிக்காரங்க ஊட்டு வாசல்ல தெரியாதுங்களா?"

அவள் முகம் கன்றியது. தலை தாழவில்லை.

"பின்பக்கத்தத் திருப்பிப் பாருங்க சார். அங்க எழுதியிருக்கேனுங்க."

"முன்பக்கமே இந்த லட்சணத்துல இருக்குதுங்க. பின்பக்கத்துல நெலா நின்னே போயிருக்குமுங்க."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள்.

கட்டைவிரல் நகரவில்லை.

அலகு பிறழ்ந்த கணக்கும் தளை தட்டிய வெண்பாவும் ஒன்றே, இரண்டையும் கிழித்துப் போடு என்பது முதல்நாள் வகுப்பில் அவர் சொன்ன சொல். அதை அவள் தன் ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைத்திருந்ததையும் அவர் கண்டிருக்கிறார்.

விண்ணப்பத்தின் அடியில் 'மாற்றமில்லை' என்றெழுதிக் கையொப்பமிட்டு, அவள் பக்கம் தள்ளினார்.

"வாரேனுங்க சார்."

கும்பிடாமல் போனாள்.

பக்கத்து மேசையும் காலியான பிறகே அவர் விரலை எடுத்தார். தாளைத் திருப்பினார்.

'வினாவில் நிலவின் தொலைவு 3,84,000 மீட்டர் என அச்சாகியுள்ளது. அவ்வலகின்படி விடை 75 நொடி. அது கிலோமீட்டர் என்றிருக்க வேண்டும். அவ்வாறு கொண்டால் விடை 27.4 நாள்.'

கீழே முழுக் கணக்கும் இருந்தது, ஒரு படியும் பிசகாமல்.

அதன் ஓரத்தில், மூன்று வாரங்களுக்கு முன் அவர் கை இடத் தொடங்கிய சிவப்புச் சரிக்குறி ஒன்று, பாதியிலேயே நின்றிருந்தது.