நில், படு, உருள்

"ஓடாதீக சார்! கீழ படுத்து உருளுங்க!"

ஒன்பதாம் வகுப்பு அக்ஷரா அதட்டியதும் மைதானத்தில் விழுந்து உருண்டேன். இடைவேளைக்கு வெளியே வந்திருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். மாதந்தோறும் நான் நடத்தும் தீ ஒத்திகை என்று நினைப்பு.

இந்த முறை வேட்டி நிஜமாகவே எரிந்தது. தினமும் பேண்ட் போடுகிறவன், அன்றைக்கென்று கரைவேட்டி கட்டியிருந்தேன்.

பள்ளத்தூரில் எங்கள் பள்ளியின் தீப் பாதுகாப்புப் பொறுப்பாசிரியர் நான்தான். இரண்டு நாள் பயிற்சி, சான்றிதழ் எல்லாம் உண்டு. 'தீப்பிடித்தால் ஓடாதே' என்று வகுப்பு வகுப்பாக முழங்கியவன், பற்றியதும் முதலில் செய்தது ஓடியதுதான்.

அக்ஷரா என்னைக் குழாயடியில் உட்காரவைத்துக் காலில் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"யாராச்சும் பேஸ்ட் கொண்டாங்க!" என்று அலறினேன்.

"பேஸ்ட்டெல்லாம் போடக் கூடாது. இருபது நிமிஷம் தண்ணி மட்டுந்தான்னு நீங்கதான சார் சொன்னீக?"

சொன்னேன்தான். யாராவது கவனித்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

அவள் தோழி பாண்டீஸ்வரி முதலுதவிப் பெட்டியைத் தூக்கி வந்தாள். மூடியில் ஈரச் சந்தனம், நடுவில் குங்குமப் பொட்டு. அக்ஷரா கையைக் கழுவிவிட்டு, சுத்தமான துணியைக் காயத்தின் மேல் தளர்வாகப் போர்த்தினாள். கால் தப்பித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது.

அதற்குள் தீயணைப்பு நிலைய அலுவலர் பூமிநாதன் ஜீப்பில் வந்து இறங்கினார். எனக்குப் பயிற்சி கொடுத்தவர். 'சிறந்த பாதுகாப்புள்ள பள்ளி' கேடயத்துக்கு எங்களைச் சிபாரிசு செய்திருந்தவரும் அவர்தான். கேடயம் வந்தால் மேடையில் பேச நான் எழுதிவைத்திருந்த உரை இன்னும் சட்டைப்பையில் இருந்தது.

"அறிக்கையில காரணம் எழுதணும். தீ எப்படிப் பிடிச்சுச்சு சார்?"

"மின்கசிவா இருக்கும்."

"வேட்டியிலயா?"

நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"லேப்லயா? சமையல்கட்டுலயா?"

மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அக்ஷராவிடம் திரும்பினார்.

"பக்கத்துல இருந்தது நீதான? பயப்படாமச் சொல்லும்மா. சார் என்ன செஞ்சுக்கிட்டிருந்தாக?"

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"நாளைக்கு ஆயுத பூஜை லீவுல்ல... தீயணைக்கிற சிலிண்டருக்குச் சூடம் காட்டுனாக சார்!"