காகம் கரைந்த நாட்கள்

எஜமான் வெளியூர் போனதிலிருந்து செவலை நாய்க்குச் சோறே இறங்கவில்லை.

“காக்கா அக்கா, நீங்க கரைஞ்சா ஆள் வருமாமே! எனக்காகக் கரையுங்களேன்” என்று கெஞ்சியது.

காகத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. “நான் கரைஞ்சு வராம போனவங்க உண்டாடா?” என்று முருங்கைக் கிளையில் உட்கார்ந்து, தொண்டை கட்டும்வரை கரைந்தது. பொழுது சாய்ந்தும் ஒருவரும் வரவில்லை.

“இதுக்கு முன்னாடியும் இப்படி ஆனதுண்டா அக்கா?”

காகம் யோசித்தது. விருந்தாளி வந்த நாளெல்லாம் பளிச்சென்று ஞாபகம் வந்தது. மற்ற நாட்களிலும் கரைந்துகொண்டுதானே இருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

“நிறைய ஆகியிருக்கும்டா தம்பி. நான்தான் கணக்குல சேர்க்கல.”

நாயின் வால் தொங்கிப்போனது. காகம் கீழே இறங்கி, நாய் தொடாமல் வைத்திருந்த சோற்றுத் தட்டை மூக்கால் அதன் பக்கம் தள்ளியது.

“எப்ப வருவாரோ, எனக்குத் தெரியாது. சோறு ஆறிப்போச்சு. வா, சேர்ந்து சாப்பிடலாம்.”