பாலவாக்கம் ஸ்வர்ணலதா

“பாலவாக்கத்திலிருந்து வந்திருக்கும் ஸ்வர்ணலதா அவர்கள், எங்கிருந்தாலும் உடனடியாகத் தரைத்தள வரவேற்புக்கு வரவும்!”

ஒலிபெருக்கி சொல்லி வாய் மூடுவதற்குள், இரண்டாம் மாடி புடவைப் பிரிவில் நின்றுகொண்டிருந்த இருபத்திரண்டு விற்பனைப் பெண்களும் தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால்கூட இவ்வளவு ஒழுங்கு இருக்காது.

ஃப்ளோர் மேனேஜர் கணேசமூர்த்திக்கு வியர்த்தது. காலையிலிருந்து இது நாலாவது ஸ்வர்ணலதா.

கடையில் வேலை செய்கிறவர்களை நாள் முழுக்க நிற்கவைக்கக் கூடாது, உட்கார இருக்கை தர வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டு வருஷங்கள் ஓடிவிட்டன. தி.நகரின் அந்த ஜவுளிக்கடையிலும் ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். உட்காரத்தான் விடவில்லை. ‘உட்கார்ந்து காட்டினால் புடவை விற்காது’ என்பது முதலாளியின் சித்தாந்தம். அவர் ஆழ்வார்பேட்டை வீட்டு சோபாவில் சாய்ந்தபடி, யார் உட்காருகிறார்கள் என்று கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதற்காக லேபர் இன்ஸ்பெக்டர் வரும்போது நிற்கவும் முடியாது. முதல் மாடி மேனேஜர் அப்படித்தான் மாட்டினார். பாவம், மனிதர் இப்போது மாதவரம் கோடவுனில் எலிகளோடு குடித்தனம் நடத்துகிறாராம்.

கோடவுனுக்குப் பயந்துதான் கணேசமூர்த்தி இந்த ஏற்பாட்டைச் செய்தார். இன்ஸ்பெக்டர் தலை தெரிந்ததும், வரவேற்பில் இருக்கும் இசக்கியம்மாள் மைக்கில் ஒரு பேரைக் கூப்பிட வேண்டும். கேட்டவுடன் எல்லோரும் உட்கார வேண்டும். “லேசுல யாருக்கும் இல்லாத பேரா ஒண்ணு சொல்லுங்கம்மா” என்று அவர் கேட்டபோது, சீனியரான புஷ்பம்தான் யோசிக்காமல் சொன்னாள்: “பாலவாக்கம் ஸ்வர்ணலதா, சார்.”

இப்போது கணேசமூர்த்தி கூட்டத்தைத் துழாவினார். இன்ஸ்பெக்டர் என்றால் மீசை இருக்கும், கக்கத்தில் ஒரு பை இருக்கும். இரண்டும் உள்ள ஒருவர் தூணோரம் நின்றிருந்தார். ஓடினார்.

“வாங்க சார், ரோஸ் மில்க் சாப்பிடுதீங்களா? நம்ம கடையில பொம்பளப் பிள்ளைங்க எப்பவும் உக்காந்துதான் சார் இருக்கும்!”

“அதை எங்கிட்ட ஏன் சொல்றேள்? ஆத்துக்காரி பையைத் தூக்கிண்டு நான்னா ஒரு மணி நேரமா நிக்கறேன்! நேக்கு ஒரு ஸ்டூல் கெடைக்குமா?”

கணேசமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு தரைத்தளத்துக்கு இறங்கினார்.

“இசக்கி, இன்ஸ்பெக்டர் எங்க?”

“எந்த இன்ஸ்பெக்டர், அண்ணாச்சி?” கேட்டுவிட்டு இசக்கியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அப்ப ஸ்வர்ணலதாவ யாரு கூப்பிடச் சொன்னா?”

“புஷ்பம் அக்காதான். கால் தாங்கலைன்னா இன்டர்காம்ல ரெண்டு மணி அடிச்சு வெச்சிரும். நான் உடனே கூப்பிட்டுருவேன். பதினோரு மணி நேரம் நிக்குதுல்லா, பாவம்...”

கணேசமூர்த்தி இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தார்.

“எந்திரிங்க எல்லாரும்! இனிமே ஸ்வர்ணலதா வந்தாலும் சரி, அவ ஆத்தாளே வந்தாலும் சரி, உக்காந்தவ நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்!”

“கால் எப்டி வீங்கிக் கீதுன்னு பாரு சார்,” என்றாள் புஷ்பம். “ஒரு அஞ்சு நிமிசம்...”

“நீ அஞ்சு நிமிசம் உக்காந்தா நான் மாதவரத்துல உக்காரணும். எந்திரி!”

புஷ்பம் மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். அவளுக்கு எதிரே, முப்பது புடவைகளைப் பிரிக்கவைத்து ஒன்றைக்கூட எடுக்காத காட்டன் புடவைக்காரி ஒருத்தி உட்கார்ந்து, குட்டி நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள். கணேசமூர்த்தியின் மிச்சக் கோபம் அங்கே பாய்ந்தது.

“என்னம்மா, வெலையெல்லாம் எழுதிக்கிட்டுப் போயி அடுத்த கடையில பேரம் பேசவா?”

“அப்படித்தான் வெச்சுக்கோங்களேன்,” என்று சிரித்தாள் அவள்.

அப்போது ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது.

“பாலவாக்கம் ஸ்வர்ணலதா அவர்கள் உடனடியாக வரவேற்புக்கு வரவும்! உங்கள் டிரைவர் காத்திருக்கிறார்!”

ஒருத்தியும் உட்காரவில்லை. இருபத்திரண்டு பேரும் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார்கள். கணேசமூர்த்திக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாத்தியா புஷ்பம்? டிரைவரெல்லாம் சேத்து இசக்கி புதுசா வசனம் விடுதா. இனிமே எங்கிட்ட பலிக்காது!”

காட்டன் புடவைக்காரி நோட்டை மூடிவிட்டு எழுந்தாள்.

“இந்தத் தடவை நிஜமாவே என்னைத்தான் கூப்பிடறாங்க. ஃபோனை ஜீப்லயே விட்டுட்டேன், அதான் டிரைவர் தேடறார் போல.” கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். “ஸ்வர்ணலதா. லேபர் ஆபீஸ். நிக்கறவங்க மொத்தம் இருபத்திரண்டு பேர்தானே சார்?”

கணேசமூர்த்தியின் மூக்கில் மாதவரம் கோடவுன் வாசனை அடித்தது. மெல்லத் திரும்பினார்.

“புஷ்பம்... இந்தப் பேரு உனக்கு எப்படி...?”

“மேடம் எங்க பக்கத்துத் தெரு சார். போன மாசம் அவங்க கையிலதான் மனு குடுத்தேன்.” புஷ்பம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள். “எப்ப வருவாங்கன்னு தெரியல. அதான், வர்ற வரைக்கும் தெனம் மைக்குல கூப்ட்டுக்கினே இருந்தோம்.”