பேட்டரி வைத்தியம்

சாவி முதலில் முரண்டு பிடித்தது. இரண்டு தடவை ஆட்டித் திருகியதும் வழிக்கு வந்தது. ஆனால் இன்ஜினிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும்தான் வந்தது.

ராமபத்ரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாமியார் திரிபுரசுந்தரி வரும் மதராஸ் ரயில் இன்னும் ஒன்றேகால் மணி நேரத்தில் கொச்சி ஹார்பர் ஸ்டேஷனுக்கு வந்துவிடும். “பழைய வண்டி வாங்கியிருக்கேளாமே, தள்றதுக்கு ஆளும் சேத்துக் குடுத்தாளா?” என்று கடிதத்திலேயே குத்திய மகராசி அவர். கறுப்பு அம்பாசிடரில் அவரை ராணி மாதிரி உட்காரவைத்து அழைத்துப் போகாவிட்டால் மாப்பிள்ளையின் மானம் கப்பலேறிவிடும்.

எல்லாம் அந்தச் சுக்குக் கிடங்கால் வந்த வினை. ஐந்து நிமிட வேலை என்று உள்ளே போய், மூட்டை மூட்டையாகச் சாம்பிள் பார்த்து, தூசியில் தும்மித் தும்மிக் கண் கலங்கி, போன வாசலைத் தேடப் பொறுமையில்லாமல் கிடைத்த வாசல் வழியாக வெளியே ஓடிவந்தவருக்கு இப்படி ஒரு வரவேற்பு!

“என்ன சாமி, வண்டி அனங்க மாட்டேங்குதா?”

எதிரே சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த கொப்பரை வியாபாரி முகமது இஸ்மாயில்தான் கேட்டார்.

“பேட்டரியாக்கும் பாய். ஹாரன் அடிச்சா பூனை முனகற மாதிரி இருக்கு. ஹெட்லைட் மஞ்சளா அழுது வடியறது. மெக்கானிக்கைக் கூப்பிடலாமான்னு பாக்கறேன்.”

“தோப்பும்படி மெக்கானிக்கையா? கூப்பிட்டா மூணு நாளானாலும் வரமாட்டான். நீங்களே ஒரு கை பாருங்க சாமி.” இஸ்மாயில் இன்னொரு சாயா சொல்லிவிட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

அது போதுமே! கார் வாங்கிய இந்தப் பதினைந்து நாளில் புத்தகம் படித்தே ராமபத்ரன் பாதி மெக்கானிக் ஆகியிருந்தார். மீதிப் பாதிக்கு வாய் இருந்தது. பானெட்டைத் தூக்கினார். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்துக் கிடந்தது.

“பதினைஞ்சே நாள்ல இப்படிப் பூத்துடுத்தே!”

“கொச்சிக் கடல்காத்து சும்மா விடுமா சாமி?”

“சரி, துடைக்கத் துணி வேணுமே.”

“டிக்கியில இடது பக்கம் இருக்கும், பாருங்க. ஸ்பேனரும் அங்கேயே கிடக்கும்.”

இரண்டும் இருந்தன. ராமபத்ரன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். முனைகளைக் கழற்றி, சாயாக்கடை வெந்நீரை வாங்கி ஊற்றிக் கழுவி, பேனாக்கத்தியால் சுரண்டிப் பளபளவென்று ஆக்கினார். மூடிகளைத் திறந்து பார்த்தால் ஆறு குழியிலும் தண்ணீர் அடியில் கிடந்தது.

“கிணத்து வெள்ளம் ஊத்தினா போராதா?” என்று இஸ்மாயில் அக்கறையாகக் கேட்டார்.

“ஐயையோ! பேட்டரியைக் கொன்னுடும். டிஸ்டில்ட் வாட்டர்தான் விடணும். தகடெல்லாம் முழுகி, அதுக்கு மேல கொஞ்சம் நின்னா போரும்.”

டயர் கடைக்கு அவரே ஓடினார். டிஸ்டில்ட் வாட்டரும் வாஸ்லினும் வாங்கிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பினார். குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல் குழி குழியாக ஊற்றினார். முனைகளை இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினார்.

“மாசம் ஒரு தடவை இதைப் பண்ணணும் பாய். பேட்டரியும் மாமியாரும் ஒண்ணாக்கும். வேளாவேளைக்குக் கவனிக்கல்லேன்னா காலை வாரிடுவா.”

இஸ்மாயில் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் சாவியைத் திருகினால் இன்ஜின் ஒரு தடவை உறுமிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. ராமபத்ரனின் முகம் வாடிப்போனது.

“தள்ளினா எடுத்துடும். ஆனா தள்றதுக்கு ஆள்...” மாமியாரின் கடிதம் ஞாபகம் வந்து அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

“ஏய் காளி! ராக்கப்பா! வாங்கடா!” என்று இஸ்மாயில் குரல் கொடுத்தார். மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். ராமபத்ரன் இரண்டாவது கியரில் போட்டு, வண்டி வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டார். அம்பாசிடர் ஒரு குலுக்குக் குலுக்கி, கடைத்தெருவே அதிரும்படி உயிர் பெற்றது.

அவருக்கு ஆனந்தத்தில் கண்ணீரே வந்துவிட்டது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இன்ஜினை அணைக்காமல் சாயாக்கடை முன்னால் நிறுத்தினார். வேட்டியெல்லாம் கறை, முகமெல்லாம் பல்.

“இனி அரை மணி நேரம் அணைக்கப்படாது. அப்பத்தான் சார்ஜ் ஏறும். வரட்டுமா பாய்? ரயில் வர இருபது நிமிஷம்தான் இருக்கு.”

இஸ்மாயில் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தார். டிரைவர் பக்கத்துக் கதவை மரியாதையாகத் திறந்தார்.

“வலிய உபகாரம் சாமி. ஸ்டேஷனுக்கு நானே கொண்டுபோய் விடறேன். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இது என் வண்டி.”