இன்னும் பாதியாக

ராட்சத ராட்டினத்தில் ஆட்கள் உட்காரும் கூண்டை ஓர் இரும்புத் தண்டு தாங்குகிறது. தண்டும் அது நுழையும் துளையும் தொடும் இடத்தைக் கணினியில் கட்டங்களாகப் பிரித்துச் சோதித்தாள் பொறியாளர் ஷமீமா. கட்டங்கள் பெரிதாக இருந்தவரை எல்லாம் நீலம், பயமில்லை. பாதியாகச் சிறிதாக்கியதும், அழுத்தம் மிகுந்த இடத்தைக் காட்டும் ஒரு சிவப்புப் புள்ளி முளைத்தது.

"நேத்து நீலமாத்தானேம்மா இருந்துச்சு? அதையே அனுப்பு. நாளைக்கு ராட்டினம் சுத்தணும்," என்றார் மேலாளர் எபனேசர்.

"கணினி கட்டத்தோட மூலையிலதான் 'வலிக்குதா'ன்னு கேக்கும் சார். கட்டம் பெருசா இருந்தா நடுவுல வலிக்கிறதை யாரும் கேக்கறதில்ல."

"நீ கேக்குற கேள்விக்குக் கல்லுகூட வலிக்குதுன்னுதான் சொல்லும்."

"சொல்லட்டும். இன்னும் பாதியாக்கிப் பாப்போம். அழுத்தம் எங்க ஏறாம நிக்குதோ அதுதான் நிஜம். அதுவரைக்கும் பாதுகாப்புச் சான்றுல கையெழுத்து போட மாட்டேன்."

கட்டங்களை மறுபடி பாதியாக்கிக் கணக்கை ஓடவிட்டாள். எபனேசர் கணினியின் சுவிட்சை அணைக்கக் கை நீட்டினார். அவள் மேசைக்குப் பின்னால் போய், சுவிட்சை முதுகால் மறைத்துத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து அவளுக்குத் திரை தெரியாது.

வெகுநேரம் கழித்து, "என்ன சார், அழுத்தம் ஏறாம நின்னுடுச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, இன்னும் ஏறுது. இன்னும் பாதியாக்கு," என்றார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எபனேசர்.