காது மெக்கானிக்கும் வாட்டர் கூலிங்கும்

மெக்கானிக் சுவரில் ஓங்கித் தட்டினார். அன்று சாயங்காலத்துக்குள் அது மூன்றாவது தடவை.

"நிறுத்திட்டேண்ணே, மன்னிச்சுக்கங்க" என்று அந்தப் பக்கமிருந்து பெண்ணின் குரல் வந்தது.

நிறுத்தினால்தானே? 'ங்ங்ங்' என்ற ரீங்காரம் துளிகூடக் குறையவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் வீட்டிலிருந்தே பொம்மைப் படம் செய்து கொடுக்கிறவள். அதற்கென்று அவள் வைத்திருக்கும் கம்ப்யூட்டர், சூடானால் மாவு மில் மாதிரி இரையும். இரைந்து தொலையட்டும். நிறுத்தாமலே நிறுத்திவிட்டேன் என்கிறாளே, அந்தப் பொய்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

விறுவிறுவென்று படியிறங்கி வீட்டு ஓனரைக் கூப்பிட்டார். அதே கட்டடத்தில் குடியிருக்கும், மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப் ஆட்கள் இரண்டு பேர் மாடிப்படியில் நின்றிருந்தார்கள். அவர்கள் காதுபடவே, "வாயைத் திறந்தா பொய். ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் மேல் படியில் தலைகுனிந்து நின்றாள். ஓனரும் அவளுக்கு மாதக் கடைசி வரை கெடு கொடுத்தார். சத்த விஷயத்தில் மெக்கானிக் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அப்படி ஒரு காது அவருக்கு. ஊரே 'காது மெக்கானிக்' என்றுதான் கூப்பிடும். ஓடுகிற எஞ்சின் மேல் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டாரென்றால், எந்த பேரிங் போயிருக்கிறது என்று பிரிக்காமலே சொல்லிவிடுவார். முப்பது வருஷமாக அந்தக் காதுதான் அவர் வீட்டு அடுப்பை எரிய வைத்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலை அவள் வாசலில் வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று இவரும் தயாராகவே கதவைத் திறந்தார்.

"அண்ணே, கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங் போட்டா சத்தம் ரொம்பக் குறையுமாம். என் கைக்கு அடங்குற விலையில எது நல்லதுன்னு தெரியல. கடைக்கு வந்து உங்க காதால கேட்டுச் சொல்றீங்களா?"

அவர் கோபம் போன இடம் தெரியவில்லை. சட்டையை மாட்டி, ஸ்க்ரூடிரைவரைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். சூட்டைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு குழாய் வழியாகப் போகும், ஒரு சின்ன பம்ப் அதைச் சுற்றவிடும், ஓரத்தில் இருக்கும் ஃபேன் அதை ஆற்றும். "அட, நம்ம வண்டி ரேடியேட்டர்தானே" என்று மெக்கானிக் சிரித்தார். கலர் லைட் எரிகிற மாடலைக் கடைக்காரர் முன்னால் நகர்த்தியபோது, "லைட்டா கூலாக்கப் போகுது? சாதாரணமா ஒண்ணு காட்டுங்க" என்று அவளுக்காகப் பரிந்து பேசினார்.

கடைக்காரர் முதலில் ஃபேன் மட்டும் இருக்கும் கம்ப்யூட்டரை ஓடவிட்டு நிறுத்தினார். அது மாவு மில்தான், சந்தேகமில்லை. பிறகு, விலை குறைந்த வாட்டர் கூலர் மாட்டிய இன்னொன்றை மேஜையில் வைத்துவிட்டு எதையோ எடுக்க உள்ளே போனார்.

மெக்கானிக் காத்திருக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பம்ப் மேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"வேணாம்மா. இதுலயும் அதே ரீங்காரம். பேரிங் காஞ்சு கிடக்கு."

கையில் ஒயரோடு திரும்பி வந்த கடைக்காரர் முழித்தார்.

"சார், இன்னும் பிளக்கே சொருகலையே."

ஸ்க்ரூடிரைவர் காதிலேயே இருந்தது. அதை மெல்ல எடுத்தார். ரீங்காரம் அப்போதும் கேட்டது. கடை நிசப்தமாக இருந்தது, அவருக்குள் மட்டும் 'ங்ங்ங்' என்றது. போன மாதம் சரியாகவில்லை என்று திரும்பி வந்த இரண்டு எஞ்சின்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஓட்டத் தெரியாதவன் என்று அந்த வண்டிக்காரர்களைத்தான் திட்டி அனுப்பியிருந்தார்.

"வீட்டுல உன் மெஷின் சத்தம் போடுறது நெஜம்தானேம்மா" என்றார், பாதி குரலில். மானத்தைக் காப்பாற்ற அவருக்கு அது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

அவள் பதில் சொல்வதற்குள், கடைக்காரர் பின்னால் இருந்த அலமாரியிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இறக்கி வைத்தார்.

"இதுலதானே மாட்டணும்? சூடு தாங்காம நின்னுபோச்சுன்னு நீங்க கொண்டாந்து குடுத்துப் பன்னிரண்டு நாள் ஆச்சு. எந்த கூலர்னு சொன்னீங்கன்னா இன்னிக்கே மாட்டிடலாம்."

பன்னிரண்டு நாள். நேற்றுகூட மூன்று தடவை தட்டினாரே. ஓடாத மெஷினுக்காக, இல்லாத மெஷினுக்காக, ஒவ்வொரு தட்டலுக்கும் அவள் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அவளைத்தான் நாலு பேர் முன்னால் பொய்க்காரி ஆக்கினார். வெட்கத்தில் அவருக்கு நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை.

"நேத்து ஓனர் முன்னாடியாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. வீட்டையே காலி பண்ணச் சொன்னாரே."

அவள் பெட்டியின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தாள்.

"எனக்கு வேற வீடு கிடைக்கும்ணே. ஆனா படியில உங்க ஒர்க்‌ஷாப் ஆளுங்க ரெண்டு பேரு நின்னுட்டிருந்தாங்க."